சாய்ந்த தென்னையின் குருத்தோலை

சென்ற வாரம் களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தபோது கோயில் துக்கமணி கேட்டது. யார் போய்விட்டார்கள் என்று யோசிக்கும் முன்பே, அடிக்கும் கை புதிது என்று காது சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் உபதேசியார் சவரிமுத்து அந்த மணிக்கயிற்றை வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. என் மனைவி லூர்து முறத்தைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "உபதேசியாருதாங்க," என்றாள்.

ஆலங்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரவும், இறந்தவர்களை அடக்கவும் உபதேசியார்தான். சுதந்திரம் வந்த மறுவருஷம் ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். பாட்டுக்கு மட்டும் அவரை நம்பக் கூடாது. அவர் சுருதி ஒரு பக்கம் போகும், ஊர் ஒரு பக்கம் போகும். "மாதாவுக்குக் காது ரொம்பப் பொறுமைங்க," என்று அவரே சிரிப்பார்.

பிறகு ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புயல். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை வீட்டு எரவாணத்தில் செருகி வைத்திருப்போம். இடி, காற்று என்றால் அதில் ஓர் இணுக்கை அடுப்பில் போட்டுச் செபிப்பது எங்கள் வழக்கம். அன்று இருந்த ஓலை முழுவதையும் ஊரே எரித்தது. காற்று நிற்கவில்லை. விடிந்தபோது ஊரில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை; என் தென்னந்தோப்பும் தரையில் கிடந்தது. உபதேசியார் வீட்டுச் சுவர் விழுந்து அவர் மனைவி இறந்திருந்தார். அந்த அம்மாவுக்கும் துக்கமணியை அவரேதான் அடித்தார்.

பொங்கல் கழிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போய்விடுவதென்று நாங்கள் முடிவு செய்தோம். லூர்து முழுகாமல் இருந்தாள். கிடந்த மரங்களை வெட்டி விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கடைசி மரம் ஒன்று, வேர் பாதி மண்ணைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்தது. அதில் கோடரி வைக்கப் போனபோது உபதேசியார் வந்தார்.

"தம்பி, இத மட்டும் விட்டு வைங்க. குருத்தோலை ஞாயித்துக்கு ஓல வேணும்ல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "எரிச்ச ஓல என்னத்த நிறுத்துச்சு? ஒங்க வீட்டு அம்மாவையே காப்பாத்தலையே!"

அவர் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நானுந்தான் எரிச்சேன். நிக்கல. ஏன் ஆண்டவரேன்னு கேட்டுக்கிட்டேதான் தெனமும் செபம் சொல்றேன். அவருகிட்டயும் பேச்ச விட்டுட்டா எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லுங்க."

கோடரியைத் தூக்கக் கை வரவில்லை. குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் கிளம்பலாம் என்று லூர்திடம் சொன்னேன்.

அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் கனவு போலத்தான் இருக்கிறது. காலைப் பனிக்குள்ளிருந்து உபதேசியார் குடத்தோடு வருவார். வேரில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி பனிக்குள் போய்விடுவார். மரம் கிடந்தபடியே தலையை மட்டும் மெல்ல மெல்ல வானத்துப் பக்கம் திருப்பியது, யாரோ கூப்பிட்டு எழப் பார்ப்பவர் போல. பங்குனியில் வெளிர்மஞ்சளாக ஒரு குருத்து நீண்டிருந்தது.

அந்த வருஷம் ஓலைக்காக யாரும் மரம் ஏறவில்லை. தரையில் நின்றபடியே உபதேசியார் பாதிக் குருத்தை மட்டும் அறுத்தார். ஆளுக்கு ஓர் இணுக்குதான் கிடைத்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தென்னையே இல்லாத தெருவில் ஓசன்னா பாடிப் போனோம். உபதேசியாரின் சுருதி வழக்கம்போல எங்கோ போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் லூர்து நின்று என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"எங்கிட்டும் போக வேணாங்க. இங்கிட்டே இருந்துக்குவோம்."

இருந்துவிட்டோம். அந்த மரமும் கொஞ்ச தூரம் தரையில் படுத்து, பிறகு நிமிர்ந்து, இன்று காய்த்துக்கொண்டிருக்கிறது. உபதேசியாரின் நெஞ்சில் வைத்த ஓலைச் சிலுவை அதன் குருத்தில் செய்ததுதான். கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் ஊரே சேர்ந்து பாடியது. ஒரு குரல்கூடச் சுருதி தப்பவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போய் வாருங்கள் உபதேசியாரே. ஏன் என்று இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இனி நேரிலேயே கேளுங்கள்.