எல்லாருக்கும் போற மாதிரிதான்

"உங்களுக்கும் அதிகமா ரத்தம் போகுமாம்மா?"

செங்கல்பட்டில் ஒரு மருத்துவர் அமிர்தவல்லியிடம் கேட்ட கேள்வி இது. அவள் மகள் ரேணுகாவுக்கு அப்போது பதிமூன்று வயது. வயதுக்கு வந்து பன்னிரண்டு நாளாகியும் உதிரம் நிற்காமல், ரத்தம் ஏற்றியிருந்தார்கள். ரத்தம் சரியாக உறையாத குறை, பரம்பரையாக வருவது என்றார் மருத்துவர்.

"எனக்கு இன்னா டாக்டர்? எல்லாருக்கும் போற மாதிரிதான்."

அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. அவள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான் போனது.

ரேணுகா வளர்ந்தாள். திருப்போரூரில் மனை விற்கும் அலுவலகத்தில் வேலை. வேன் ஓட்டும் ராஜாராமிடம் கல்யாணத்துக்கு முன்பே தன் குறையைச் சொன்னாள். "அதுக்கு இன்னா இப்போ? நான் கீறேன்ல" என்றான். கர்ப்பகாலம் முழுக்கப் பரிசோதனைகளுக்கு அவனே அழைத்துப் போனான். பிரசவத்தன்று மருத்துவமனையில் ரத்தம் உறைவதற்கான மருந்தோடு காத்திருந்தார்கள். பெண் குழந்தை. ரத்தம் கட்டுக்குள் இருந்தது. ராஜாராம் வார்டு வாசலில் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"ஆபத்து இன்னும் தாண்டலம்மா" என்று சொல்லித்தான் மருத்துவர் அனுப்பினார். "கர்ப்பத்துல ஏறின உறையற சக்தி இனிமேதான் இறங்கும். ஒரு மணி நேரத்துல ஒரு பேடு நனைஞ்சா உடனே வந்துடணும்."

திருக்கழுக்குன்றம் பக்கத்துத் தாய் வீட்டில் ஒன்பதாம் நாள் காலை. ராஜாராம் பொத்தேரிக்கு வண்டி எடுத்துப் போயிருந்தான்.

"அம்மா, ரெண்டாவது பேடும் நனைஞ்சிடுச்சு. அவருக்கு போன் போடட்டா?"

"அழுக்கு ரத்தம்டி. போனாதான் வவுறு சுருங்கும். உன்னைப் பெத்துட்டு இருபது நாள் நானும் இப்டிதான் கெடந்தேன். செத்தா பூட்டேன்? தீட்டு கழியாம வாசப்படி தாண்டாத."

"டாக்டரு சொன்னாங்களேம்மா..."

"அவங்களா உன்ன பெத்தாங்க?"

ரேணுகா சிரித்துவிட்டாள். படுத்துக்கொண்டாள்.

அமிர்தவல்லி பூண்டுக் குழம்பு வைத்தாள். சோற்றோடு வந்து போர்வையை விலக்கினாள். பாய் ஊறிக் கிடந்தது. மகளின் உதடு வெளுத்திருந்தது. "கொழந்த பால் குடிச்சிச்சா?" என்று கேட்டாள் ரேணுகா. அதற்கு மேல் அவள் பேசவில்லை. ஆம்புலன்ஸ் செங்கல்பட்டைத் தொடும்போது எல்லாம் முடிந்திருந்தது.

குழந்தைக்கும் அந்தக் குறை இருக்கிறதா என்று பார்க்க, செங்கல்பட்டில் அதே மருத்துவரின் அறைக்கு மறுபடி போனபோது, மருத்துவர் அமிர்தவல்லிக்கும் ரத்தம் எடுத்தார். முடிவு வந்த நாளில் மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்கும் அதே குறைதாம்மா. உங்களுக்குப் போனது எல்லாருக்கும் போற மாதிரி இல்ல."

ராஜாராம் சுவரைப் பார்த்து நின்றான். மாமியாரிடம் அவன் பேசி ஒரு மாதமாகிறது.

அமிர்தவல்லிக்கு அழுகை வரவில்லை. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், எங்கக்கா பொண்ணு மாமல்லபுரத்துல கீறா" என்றாள். "முழுகாம கீறா. அவ ஆத்தாவும் எல்லாருக்கும் போற மாதிரிதான்னு சொல்லிகினு கீறா."