கவச வண்டியும் பெர்னடீனும்

பேச எழுந்ததும் மைக்கைத் தன் வாய் உயரத்துக்கு இழுத்து இறக்குகிறாள் பெர்னடீன். நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். பெயரும் முகவரியும் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஊருக்கே தெரிந்தவள், ஆனாலும் சொல்வாள்: "பெர்னடீன் கோசாக், மேப்பிள் தெரு. ஆமா, மறுபடியும் நான்தான்."

நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுவது அவள் தொழில். சட்டையெல்லாம் நாய் முடி. காவல் தலைவர் கேரியின் நாய்க்கும் அவள்தான் நகம் வெட்டுகிறாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. "ஏம்ப்பா கேரி, நம்ம ஊர்ல எவன்ப்பா கண்ணிவெடி வெக்கப் போறான்? பூச்செடி வெக்கவே ஆளுக்கு நேரமில்ல."

கண்ணிவெடிக்கும் அசையாத, ராணுவம் கழித்துக்கட்டிய கவச வண்டி ஒன்றை கேரி இலவசமாக வாங்கியிருந்தார். அது முதலில் போய் நின்றது பெர்னடீனின் பக்கத்து வீட்டு வாசலில். மனைவி இறந்த துக்கத்தில் அந்த வீட்டுக் கிழவர் வெண்டெல் கதவும் திறக்கவில்லை, போனும் எடுக்கவில்லை. தூரத்திலிருந்த மகள், "அப்பாவைக் கொஞ்சம் போய்ப் பாருங்க" என்று போலீசைக் கேட்டாள். பார்க்க வந்தவர்கள் தலைக்கவசமும் துப்பாக்கியுமாகக் கதவை உடைத்தார்கள். கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைத்தது பெரிய காரியம். இன்னொரு முறை தாங்கமாட்டார். இதையேதான் பெர்னடீன் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரியத்தைக் கெடுத்துக்கொண்டது கேரியேதான். பூசணித் திருவிழாவில் பிள்ளைகள் ஏறி விளையாடட்டும் என்று வண்டியைக் கால்பந்து மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். முந்தின நாள் நல்ல மழை. சக்கரம் முழுக்கப் புதைந்தது. இழுத்தெடுத்தபோது பாதி மைதானமும் கூடவே வந்தது. மனிதரின் கதவு உடைந்தபோது வாய் திறக்காத ஊர், புல் போனதும் பொங்கி எழுந்தது.

பெர்னடீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கதவுக்கு வராத ரோஷம் புல்லுக்கு வருதாக்கும்! சரி, வந்தவரைக்கும் லாபம்." வீடு வீடாக ஏறி இறங்கி, அடுத்த மன்றக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தாள். வெண்டெலையும் அழைத்துவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

வண்டியைத் திருப்பி அனுப்பலாம் என்று உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஒருவர் பாக்கியில்லை. மன்றமே ஆர்ப்பரித்தது. மேயர் சுத்தியலைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு வெண்டெலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெர்னடீன் ஒரு கையால் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். உறுப்பினர்களோடு சேர்ந்து தானும் தூக்கிய மறு கை இன்னும் மேலேயே இருந்தது.

"பெர்னடீன், உங்களுக்கு இதுல ஓட்டு கிடையாது. கையை இறக்குங்க" என்றார் மேயர்.

வெண்டெலைப் பிடித்திருந்த கையையும் அவள் மேலே தூக்கினாள்.