முன்சக்கரம் திரும்பியபோது

ஜவ்வாது மலையில் முன்பு புளி ஏற்றிவந்த பழைய மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, சந்தவாசலில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நானே சரிசெய்துவந்தேன். அன்று பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு, அடியில் படுத்துத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்த என் மனைவி செல்வி திடீரென்று கத்தினாள்.

"இன்னாங்க இது, முன்சக்கரம் தானா திரும்புது! வெளிய வாங்க!"

ஏன் என்று கேட்காமல் உருண்டு வெளியே வந்தேன். சக்கரம் திரும்பியதில் வண்டி நகர்ந்தது; அடுத்த நொடி ஜாக்கி சரிந்து, நான் படுத்திருந்த இடத்தில் வண்டி விழுந்தது.

"ஒண்ணும் ஆவலியே?" என்று என் தலையையும் தோளையும் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள் செல்வி. எனக்கோ உயிர் தப்பிய நிம்மதியில் சிரிப்பு வந்தது.

இப்போதெல்லாம் ஹேண்டிலை அசையாமல் கட்டி, வண்டியைக் கனமான மரக்கட்டைகள்மேல் நிறுத்துகிறேன். செல்வி அதை ஆட்டிப் பார்த்து, "ம், போங்க" என்ற பிறகே அடியில் போகிறேன்.