நாற்பத்தைந்துக்கு மேல்

பிள்ளையின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கிறாள் வித்யாலக்ஷ்மி. நடுக்கம் இல்லை. ஐந்து நிமிஷம் பொறுக்கிறாள், மறுபடியும் விரிக்கிறாள். நேற்று மத்தியானம் பிறந்ததிலிருந்து இதே வேலை. தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலைச் சுரண்டுவாள். அது கண்ணைத் திறந்தால் நிம்மதி, திறக்காவிட்டால் இன்னும் அழுத்திச் சுரண்டுவாள்.

கல்கத்தா டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி. எந்தப் படிவத்தில் எந்தக் கையெழுத்து விட்டுப்போயிற்று என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். ஆறாம் மாதத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்ததும், வீட்டிலிருந்த சீனி டப்பாவையே தூக்கி மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஆபீஸில் ரசகுல்லா வந்தால் தட்டுப் பக்கம் திரும்பமாட்டாள். அப்படிப்பட்ட கெட்டிக்காரி கோட்டை விட்ட இடம் ஒன்று உண்டு.

குளிர்காலம் வந்ததும் எதிர்வீட்டு வங்காளி அண்ணி மது பௌதி, பாலைத் திரித்து ஈச்ச வெல்லம் சேர்த்துப் பிடித்த சந்தேஷ் கொண்டுவர ஆரம்பித்தாள். வெல்லம்தானே, சீனி இல்லையே என்றாள் அவள். வித்யாவின் வீட்டிலும் வெல்லத்தை யாரும் சர்க்கரையில் சேர்த்ததில்லை. டிபன் டப்பாவில் தினமும் இரண்டு போயின. காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் எண் சுத்தமாக இருந்தது. சாப்பிட்ட பிறகும் பார்க்கச் சொன்னதை ஆபீஸ் அவசரத்தில் விட்டுவிட்டாள். இனிப்பு சாப்பிடுகிறாயா என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்றாள். பொய்யாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள்.

பிள்ளை நாலு கிலோ முன்னூறு. கணவன் ஷ்யாம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு எடையைச் சொல்லிப் பூரித்தான். ஒரு மணி நேரத்தில் நர்ஸ் குதிகாலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை இருபத்தெட்டு. நாற்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம்.

"உனக்குத்தானே சுகர் ஜாஸ்தி? இவனுக்கு எப்படிக் கொறையும்?" என்றான் ஷ்யாம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அம்மாவிடமிருந்து வந்த மிதமிஞ்சிய சர்க்கரையைச் சமாளிக்க, வயிற்றுக்குள்ளேயே பிள்ளை இன்சுலினை அதிகமாகச் சுரந்து பழகிவிட்டது. கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றது, இன்சுலின் நிற்கவில்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், அழக்கூடத் தெம்பில்லாமல் பிள்ளை சோர்ந்து தூங்கும்; இறங்கிக்கொண்டே போனால் வலிப்பு வரலாம், மூளையைப் பாதிக்கலாம், அதற்கு விடாமல் டிரிப் ஏற்றிவிடுவோம் என்றார். வித்யாவின் காதில் மூளை என்ற ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது.

"வெல்லம்தானேன்னு நெனச்சேன், ஷ்யாம். நான் தின்னதுக்கு இவன் காலைக் குத்தறா."

பஞ்சு ஒட்டிய குதிகாலைப் போர்வைக்குள் மூடினான் ஷ்யாம்.

பயம் வந்தால் வங்காளமும் இங்கிலீஷும் அவளை விட்டு ஓடிவிடுகின்றன. இன்னும் எத்தனை தரம் குத்துவீர்கள் என்று நர்ஸிடம் தமிழிலேயே கேட்கிறாள். நர்ஸுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் என்று வங்காளத்தில் சொல்கிறாள்.

பாலும், கன்னத்துக்குள் தடவிய குளுக்கோஸுமாகக் கொஞ்சம் ஏறிய எண், இன்று காலை மறுபடியும் நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. இந்தத் தடவையும் ஏறாவிட்டால் உள்ளே கொண்டுபோய் டிரிப் போட வேண்டும். அதைவிட அவளை உலுக்குவது வேறு. அத்தனை தரம் குத்தியும் பிள்ளை வாய்விட்டு அழவில்லை. லேசாகச் சிணுங்கிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

மத்தியானம் நர்ஸ் ஊசியோடு வருகிறாள். வித்யாலக்ஷ்மி மூச்சை அடக்கிக்கொள்கிறாள். குத்தியதும் பிள்ளை காலை உதறி, முகம் செக்கச்சிவக்க, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிடுகிறது. மீட்டரில் ஐம்பத்திரண்டு. அடுத்த தடவையும் இப்படி இருந்தால்தான் நம்பலாம் என்று சொல்லிவிட்டு நர்ஸ் நகர்கிறாள்.

சமாதானப்படுத்த ஷ்யாம் தொட்டிலுக்குள் கையை நீட்டுகிறான். வித்யாலக்ஷ்மி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறாள். விடாமல் பிடித்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு அந்த அழுகையைக் கேட்கிறாள்.