சக்கரத்தில் தடவிய எண்ணெய்

இதை எழுத நாலைந்து வருஷமாக மனம் வரவில்லை. எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் மாதர் சங்கத்தின் பெண்கள் சைக்கிள் ஊர்வலத்தை ஏற்பாடு செய்தவள் நான். கிளம்பும் முன் மாரியம்மன் கோயில் வாசலில் பூஜை போட்டு, பளபளப்பாக இருக்கட்டும் என்று வாடகை சைக்கிள்களின் சக்கர வளையங்களில் நல்லெண்ணெய் தடவினேன்.

“ஏனுங்க அக்கா, எண்ணெய் தேச்சு உடறீங்களே, சைக்கிளுக்கும் தீவாளிங்களா?” என்று அடுத்த வீட்டு ருக்மணி சிரித்தாள்.

வாய்க்கால் இறக்கத்தில் அவள்தான் முன்னால் போனாள். “அக்கா, பிரேக்கு புடிக்க மாட்டேங்குதுங்க!” என்ற கத்தலோடு தண்ணீருக்குள் விழுந்தாள். எல்லோரும் ஓடினார்கள்.

கை முறிந்ததோடு பிழைத்தாள். சைக்கிள் கடைக்காரர் வளையத்தைத் தொட்டுப் பார்த்து, “இதுல எண்ணெய் இருந்தா பிரேக்கு எப்படிங்க நிக்கும்?” என்று என்னிடம் மட்டும் கேட்டார். ருக்மணியோ, “உங்க பூஜைதானுங்க என்னயக் காப்பாத்துச்சு” என்றாள். எண்ணெய்தான் காரணம் என்று இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.

இப்போதும் பூஜை போடுகிறேன். ஹேண்டில்பாரில் குங்குமம் மட்டும் வைத்து, ஒவ்வொரு பிரேக்கையும் நானே பிடித்துப் பார்க்கிறேன்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் அம்மன் காப்பாற்றினாள் என்பதோடு நிறுத்தாமல், எண்ணெய் தடவியவள் நான்தான் என்பதையும் சேர்த்து உள்ளபடியே சொல்லுங்கள்.