சின்னம்மாவுக்கு வாங்கிய கமரா

சின்னம்மா எங்களோடு இருந்த எட்டு மாதங்களில் அவர் ஒருநாளாவது நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து இருந்து நான் பார்த்ததில்லை. நுனியில்தான் இருப்பார். கீழே கேற் திறக்கும் சத்தம் கேட்டால் எழும்பி யன்னலுக்குப் போவார். தபால்காரர் என்றால் படியிறங்குவார். வேறு யாராவது என்றால் திரும்பி வந்து மறுபடியும் நுனியில் இருப்பார்.

அவர் அம்மாவின் கடைசித் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்தவர். கனடாவில் இருந்த ஒருவரோடு கல்யாணம் பேசி முடிந்திருந்தது. விசா மட்டும்தான் வரவேண்டும். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு சிங்களக் குடும்பத்தின் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். இரண்டே அறைகள். சின்னம்மா நடந்தால் வீடு முழுவதும் கேட்கும். அவர் நாள் முழுவதும் நடந்தார்.

விசா அநேகமாகச் சரி என்று கடிதம் வந்த கிழமை, சின்னம்மாவுக்கு என்ன கொடுத்தனுப்புவது என்ற பேச்சு வந்தது.

"ஒரு கமரா வேண்டிக் குடுப்பம். போற இடத்தை எங்களுக்கும் காட்டட்டும்" என்றார் அம்மா.

"ஐயோ அக்கா, எனக்கு அதை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டே தெரியாது."

"நான் பழக்கிறன்" என்றேன் நான். எனக்குப் பத்து வயது. வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளில் அவளுடைய தகப்பனின் கமராவை வாங்கி இரண்டு படங்கள் எடுத்திருந்தேன். அதனால் எங்கள் வீட்டில் கமரா தெரிந்த ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவும் நானும் பஸ் ஏறி நுகேகொடைக்குப் போனோம். அப்பாவோடு கந்தோரில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அங்கே ஒரு கடையில் நியாயமான விலைக்குத் தருவார்கள் என்று சொல்லியிருந்தார். கடைக்காரர் நரைத்த தலையுள்ள சிங்களப் பெரியவர். புதிதாகப் பழகும் ஒருவருக்கு, கைக்கு அடக்கமாக, விலை குறைந்த கமரா வேண்டும் என்று அப்பா சொன்னதும் கண்ணாடி மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது, ஒவ்வொரு படத்துக்கும் பிலிமைக் கையால் சுற்ற வேண்டியது. இரண்டாவது, தானாகச் சுற்றும், தூரம் எதுவும் பார்த்து வைக்கத் தேவையில்லை. மூன்றாவதன் பொத்தானை அமத்தினால் மூக்கு முன்னால் நீண்டு வந்தது. எனக்கு மூன்றாவதுதான் வேண்டும் என்று அந்தக் கணமே முடிவாகிவிட்டது.

அப்பா அதைக் கையால் தொடக்கூட இல்லை. இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் எடுக்கும்போது எவ்வளவு சத்தம் வரும் என்று கேட்டார். கடைக்காரர் பொத்தானை அமத்திக் காட்டினார். பிளாஷ் தானாக அடிக்குமா, வேண்டாம் என்றால் நிற்பாட்ட முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். பழகாத ஆட்களுக்குத் தானாக அடிப்பதுதான் நல்லது, இல்லையென்றால் படம் கறுத்துப்போகும் என்றார்.

"பரவாயில்லை. நிற்பாட்டக்கூடியதாக இருக்க வேண்டும்."

கடைசியில், பிளாஷை நிற்பாட்ட ஒரு சின்ன ஆளி வைத்த நீலநிறக் கமரா ஒன்று உள்ளேயிருந்து வந்தது. தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டாது. மூக்கு நீளாது. அப்பாவுக்கு அதைத்தான் பிடித்துப்போயிற்று. பிறகு பில்லைச் சிங்களத்தில் எழுதச் சொன்னார், தன் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போடச் சொன்னார், கடையின் முத்திரையைக் குத்தச் சொன்னார். மை சரியாகப் படவில்லை என்று இன்னொரு தடவையும் குத்தச் சொன்னார். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அது வழக்கம்தான். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசையில் நின்றேன். ஆமிக்காரன் இளம் ஆள். பையைத் திறந்து பெட்டியைத் திறந்து கமராவை வெளியே எடுத்தான். யாருடையது என்று கேட்டான். அப்பா பில்லை நீட்டியபடி, "துவட்ட" என்றார். மகளுக்கு.

அப்பாவின் சிங்களம் கந்தோரில் படித்த சிங்களம். யோசித்து யோசித்துத்தான் வரும். என்னுடையது வீட்டுக்காரரின் பிள்ளைகளோடு ஒழுங்கையில் விளையாடிப் பிடித்தது, வழுக்கிக்கொண்டு வரும். அப்பாவுக்குச் சொல் மாறிவிட்டது என்று நினைத்தேன்.

"மட்ட நெவெய், புஞ்சி அம்மாட்ட" என்றேன். எனக்கில்லை, சின்னம்மாவுக்கு.

அப்பாவின் கை என் கையை நெரித்தது. ஆமிக்காரன் குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு. சின்னம்மா எங்கிருந்து வந்தவர் என்று கேட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து என்றேன். எப்போது வந்தார், எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒன்றுக்கும் நான் தடுமாறவில்லை. வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கிறார் என்பதையும் கேட்காமலே சொன்னேன். என் சிங்களம் நல்லாயிருக்கிறது என்று அவன் அப்பாவிடம் சொன்னான். அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்து விலாசத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கமராவைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துத் தந்தான்.

பஸ்ஸில் அப்பா என் பக்கம் திரும்பாமல் கமராப் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் திருத்தியது அவருக்குக் கோபம் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் சின்னம்மாவும் நானும் கட்டிலில் இருந்து பிலிம் போட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. நடக்க மறந்து கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். கீழே கேற் திறந்தது. சின்னம்மா எழும்பி யன்னலால் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஜீப்.

இரண்டு பொலிஸ்காரர்கள் மேலே வந்தார்கள். சின்னம்மா கொழும்பில் தங்குவதற்கு எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டு, அடையாள அட்டை, கனடாவிலிருந்து வந்த கடிதம் எல்லாவற்றையும் அப்பா மேசையில் பரப்பினார். பார்த்தார்கள். சில விஷயங்கள் விசாரிக்க வேண்டும், வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

"நானும் வாறன்" என்றார் அப்பா. வீட்டுக்கார ஐயாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனார். அம்மா ஒரு துவாயையும் சவர்க்காரத்தையும் பையில் வைத்துச் சின்னம்மாவின் கையில் கொடுத்தார்.

"என்னத்துக்கம்மா சவர்க்காரம்?" என்று கேட்டேன். அம்மா என்னை அறைக்குள் போகச் சொன்னார்.

அப்பா தனியாகத்தான் திரும்பி வந்தார். அடுத்த இரண்டு நாட்களும் விடிந்தவுடன் வெளிக்கிட்டுப் போனார். அந்த நாட்களில் வீட்டுக்குள் நடந்தது அம்மா. சமையலறையிலிருந்து யன்னலுக்கு, யன்னலிலிருந்து சுவாமிப் படத்துக்கு.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்கார ஐயாவின் காரில் சின்னம்மா வந்தார். நேராகக் குளிக்கப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு எங்களோடு சாப்பிட இருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சின்னம்மாவைக் கொண்டு போனவை?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"கடைக்காரர் பில்லிலை ஒரு இலக்கத்தைப் பிழையா எழுதிப்போட்டார். நானும் பாக்கேல்லை. என்ரை பிழைதான் பிள்ளை."

"அவ்வளவு கேள்வி கேட்டீங்கள், பில்லைப் பாக்கேல்லையா அப்பா?"

"ஓம். பாக்கேல்லை."

சின்னம்மா தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு இடது கையால் என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. பள்ளிக்கூடத்திலும் சொன்னேன், எங்கள் அப்பாவின் கவனயீனத்தால் சின்னம்மா பொலிசுக்குப் போக வேண்டி வந்தது என்று.

விசா அடுத்த மாதம் வந்தது. பயணத்துக்கு முந்தின கிழமை, எங்களையெல்லாம் ஒரு ரோல் எடுத்துவிட்டுப் போ என்று அம்மா சின்னம்மாவைக் கெஞ்சினார். அவர் முழு ரோலையும் எடுத்தார். யன்னலடியில் அம்மா, படியில் அப்பா, கடற்கரையில் நான். கழுவி வந்த படங்களைப் பார்த்தால் ஒன்றிலாவது ஒரு முகம் தெளிவாக இல்லை. எல்லோரும் இரட்டையாக அலைந்துகொண்டிருந்தோம். அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அவற்றை அடுக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

"கமரா பிழையில்லை சின்னம்மா, நீங்கள்தான் ஆட்டிப்போட்டீங்கள்" என்றேன்.

"ஓம் பிள்ளை. அங்கை போய்ப் பழகிறன்."

அவர் மறந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, புதிதாகப் படம் பிடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றை எழுதிக் கமராப் பெட்டிக்குள் வைத்தேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. கடைசி வரியின் கீழே அடிமட்டம் வைத்துச் சிவப்பில் இரண்டு கோடு இழுத்தேன்.