மடிப்பு முன்னால்தான் இருந்தது

சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். போன மாதம் தி. நகர் மண்டபத்தில் உங்களுக்கு நடந்த பாராட்டு விழாவில், ஜி புரதத்தின் மடிப்பை ஆய்வகத்தில் முதலில் சரியாகப் பார்த்தது நீங்கள்தான் என்று மைக்கில் சொன்னீர்கள். நான் நாலாவது வரிசையில் இருந்தேன். பார்த்தது நம் அடையாறு ஆய்வகத்தில் குடுவை கழுவிய பெண்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் உங்கள் ஆராய்ச்சி மாணவி. ஜி புரதம் செல்லின் உறைக்கு உள்பக்கம் ஒட்டியிருப்பது. வெளியே ஹார்மோன் வந்து சேர்ந்தால் அதன் மடிப்பு நகரும், துணைப் புரதம் விடுபடும், செய்தி உள்ளே போகும். துணை ஒட்டும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை மாற்றினால் ஒட்டாது என்று காட்டினால்தான் எனக்குப் பட்டம்.

ஆராய்ச்சிப் பத்திரிகையில் அந்தப் புரதத்தின் உருவம் இரண்டு படமாகப் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தது. கண்களை மூக்குப் பக்கம் திருப்பினால் இரண்டும் ஒன்றாகி முப்பரிமாணமாக எழுந்து நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். மடிப்பு பின்னால் தெரிந்தது. துணை ஒட்டுவது முன்பக்கம் என்று ஏற்கெனவே தெரியும். அதனால் மடிப்பை விட்டுவிட்டு வேறு இடத்தை மாற்றினேன். எட்டு மாதம் வீண். "உனக்குக் கை சரியில்லை" என்றீர்கள்.

ஒரு மதியம் குடுவை கழுவும் அந்தப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மேடம், மாறுகண்ணு மாரி பாத்துக்கினு கீற?"

"அப்படிப் பாத்தாதான் தெரியும்."

"அட போ மேடம். தூரக்க கீற செவுத்தைப் பாக்கற மாரி பாரு. இந்த வளைவு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது."

பார்த்தேன். மடிப்பு முன்னால் வந்தது. சுருள்களும் புரதத்தில் சுற்ற வேண்டியபடி வலப்பக்கம் சுற்றின. அதுவரை இடப்பக்கம் சுற்றியதை நம்மில் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தப் படம் கண்ணைத் தளர்த்திப் பார்க்க அச்சானது. கண்ணை மூக்குப் பக்கம் திருப்பினால் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும்.

மடிப்பை மாற்றினேன். துணை ஒட்டவில்லை. நான் காத்திருந்தது அதற்குத்தான்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். "பாத்திரம் கழுவறவளுக்கா?" என்று சிவப்பு மையால் அடித்தீர்கள். பட்டம் போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அது என் கேவலம். அவளிடம் சொன்னபோது சிரித்தாள்: "வுடு மேடம், நீ பாஸாயிட்ட இல்ல?" மறுநாள் எனக்கு மீன் குழம்பு கொண்டுவந்தாள். அந்த ருசியை இன்னும் மறக்கவில்லை. இன்று நான் வாத்தியார் வேலை பார்ப்பது அவளால். வருஷா வருஷம் அந்தப் படத்தைக் காட்டும்போது மாணவர்களுக்கு முதலில் அவள் பெயரைச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் பேசப்போகிறீர்களாம். அவளை முதல் வரிசையில் உட்காரவைக்கிறேன். முதலில் பார்த்தது யார்? மைக்கில் பதில் சொல்லுங்கள்.